அக்ரிப்பினா டீ ஊற்றிய ஞாயிற்றுக்கிழமைகள்

அக்கா,

இன்று காலை குஸ்கா வைக்கலாம் என்று, எண்ணெய் காய்ந்ததும் இரண்டு பிரிஞ்சி இலையைப் போட்டேன். வாசனை எழுந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊரில் எல்லோருக்கும் அது கல்யாண வீட்டு வாசனை. எனக்கு மட்டும் அது ரோமாபுரி செனட் சபையின் வாசனை. அட்டைப்பெட்டியைக் கீற்றுக் கீற்றாக வெட்டி, பிரிஞ்சி இலைகளை ஸ்டேப்ளர் பின் அடித்து, ஐந்து கிரீடம் செய்தோமே, நினைவிருக்கிறதா? கால் கிலோ இலை எதற்கு, எத்தனை பேருக்குப் பிரியாணி என்று மளிகைக் கடைக்காரர் கேட்டார். சாப்பிடறதுக்கு இல்லைங்க, தலையில வெக்கறதுக்கு என்றீர்கள். அவர் கடைசிவரை நம்பவில்லை.

இப்படிச் சிரித்துக்கொண்டே உங்களை நினைக்க முடிவது இந்த ஒரு மாதமாகத்தான். அதற்கு முன் ஏழு வருஷம், இந்த வாசனை வந்தாலே மனம் சுருங்கிவிடும். ஏன் என்று உங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லியிருந்தால் ஒரே நிமிஷத்தில் முடிந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது. என் கெட்டித்தனம் அவ்வளவுதான்.

அப்போது ஓசூர் தர்மபுரி மாவட்டத்தில் இருந்தது. தேனிப் பக்கத்திலிருந்து வந்த நான், மோட்டார் வண்டிகளுக்கு ஒயர்க்கட்டு செய்யும் கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்து இரண்டே முக்கால் வருஷம் ஆகியிருந்தது. உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் நாங்கள் மூன்று பெண்கள். நான் அண்ணன் என்று கூப்பிட்ட உங்கள் வீட்டுக்காரர் அதே கம்பெனியில் பர்மனென்ட். யூனியன் செயலாளரும் அவர்தான். நீங்கள் தேன்கனிக்கோட்டைப் பக்கம். வீட்டில் தெலுங்கு, காய்கறிக்காரியிடம் கன்னடம், எங்களிடம் தமிழ். முதல் நாள் என்னை, தெலுங்கில் பெண்ணைக் கூப்பிடுகிற மாதிரி, "அம்மாயி" என்று கூப்பிட்டீர்கள். எங்கள் ஊரில் அம்மாவைப் பெற்றவளைத்தான் அப்படிச் சொல்வோம், எனக்கு இருபத்திரண்டு வயசுதான் ஆகிறது என்று முறைத்தேன். அதற்கப்புறம் கடைசிவரை வேண்டுமென்றே அப்படித்தான் கூப்பிட்டீர்கள்.

தபாலில் எம்.ஏ. வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். வாய்விட்டுப் படித்தால்தான் எனக்கு மண்டையில் ஏறும். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரோமப் பேரரசைச் சத்தமாகப் படிப்பேன். நீங்கள் துணி அலசிக்கொண்டே கேட்பீர்கள். ஒரு நாள் கை நின்றுவிட்டது. அகஸ்டஸ் சக்கரவர்த்தி இறந்ததும் அவர் மனைவி லிவியா வீட்டைச் சுற்றியும் தெருக்களிலும் காவல் போட்டு, சக்கரவர்த்தி நலமாக இருக்கிறார் என்றே வெளியில் சொல்லிக்கொண்டிருந்தாள், மகன் திபேரியஸ் வந்து சேர்ந்து எல்லாம் ஏற்பாடான பிறகுதான் சாவையும் புது ராஜாவையும் ஒன்றாக அறிவித்தாள் என்ற இடம் அது. ஈரக் கையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மறுபடி படி என்றீர்கள்.

அவள் அகஸ்டஸுக்கு விஷம் வைத்ததாகவும் ஒரு பேச்சு உண்டு என்று புத்தகத்தில் இருந்தது. நான் அதைப் படித்ததும் உங்களுக்குக் கோபம் வந்துவிட்டது. "எழுவத்தஞ்சு வயசுக் கெழவன் செத்ததுக்கு எதுக்குடி வெஷம்? சோறாக்கிப் போட்டவ மேலதான் பழி போடுவாங்க. அவ எழுதி வெச்சது ஏதாவது இருக்குதா?" என்று கேட்டீர்கள். லிவியா எழுதியது தெரியாது, ஆனால் நீரோவின் தாய் அக்ரிப்பினா தன் கதையைத் தானே எழுதினாளாம், அது தொலைந்துபோய்விட்டது என்றேன். தொலைவதென்றால் பெண் எழுதினதுதான் தொலையும் என்று முணுமுணுத்துவிட்டு மறுபடி துணிக்குப் போனீர்கள்.

அந்த அக்ரிப்பினாவை உங்களுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. செனட் சபைக்குள் பெண் போக முடியாது. அவளோ சபையையே அரண்மனைக்கு வரவழைத்து, பின்பக்கம் ஒரு கதவு வைத்து, திரை போட்டு, அதன் பின்னால் நின்று எல்லாம் கேட்பாள். இதைப் படித்த அன்று நீங்கள் சிரித்த சிரிப்பு எனக்கு முதலில் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை புரிந்தது. யூனியன் கமிட்டி உங்கள் வீட்டுக் கூடத்தில்தான் கூடும். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு பூப்போட்ட திரை. அதற்குப் பின்னால் நீங்கள் டீ போட்டுக்கொண்டிருப்பீர்கள். எந்த ஞாயிறு யார் என்ன சொன்னார் என்று கம்பெனியில் யாரைவிடவும் உங்களுக்குத்தான் தெரியும். அண்ணனிடம் மறுநாள் காய் நறுக்கிக்கொண்டே போகிற போக்கில் ஒன்று சொல்வீர்கள்; அடுத்த ஞாயிறு அது அவர் யோசனையாக வெளியில் வரும்.

அந்த வருஷம் ஆயுதபூஜைக்குப் பிறகு செட்டில்மென்ட் கையெழுத்தாக வேண்டியிருந்தது. மூன்று வருஷ ஒப்பந்தம். கோரிக்கைப் பட்டியலில் எங்கள் விஷயமும் இருந்தது: மூன்று வருஷம் முடிக்கப்போகிற டிரெய்னிப் பெண்கள் இருபத்து மூன்று பேரையும் பர்மனென்ட் ஆக்க வேண்டும். ஆகவில்லையென்றால் தீபாவளியோடு எங்களுக்கு வேலை இல்லை. எனக்கு வேலை போனால் படிப்பும் போகும். ஊரில் மாமன் மகனுக்கு என்று பேசி முடித்து, பெட்டியோடு வருவேன் என்று காத்திருந்தார்கள். வேலை மட்டும்தான் எனக்கு இருந்த ஒரே சாக்கு.

ஒரு ஞாயிறு சாயங்காலம் நீங்கள் எங்கள் அறைக்கு வந்து கதவோரம் நின்றீர்கள். அன்று கமிட்டியில் நான்கு பேர் சேர்ந்து, டிரெய்னிகளை விட்டுவிட்டால் பர்மனென்டுகளுக்குக் கூடுதலாகத் தர நிர்வாகம் தயார், அதை வாங்கிக்கொள்ளலாம் என்று பேசியிருந்தார்கள். அண்ணன் கூடாது என்றிருக்கிறார். நாலுக்கு ஒன்று, எடுபடவில்லை. நான் உங்களிடம் கோபப்பட்டேன். நீங்கள் போய்ச் சொல்லுங்கள், சண்டை போடுங்கள் என்றேன். பாவம், நீங்கள் என்ன செய்வீர்கள் என்று யோசிக்கவில்லை. எனக்கு என் வேலை.

நீங்களோ, ஆயுதபூஜைக்கு நான் எழுதுகிற நாடகம் எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்டீர்கள்.

ஆயுதபூஜை அன்று மிஷின்களுக்கெல்லாம் பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டி, குடும்பத்தோடு எல்லோரையும் கம்பெனிக்குள் விடுவார்கள். கேன்டீனில் மேடை போட்டுக் கலைநிகழ்ச்சி நடக்கும். எங்கள் லைனிலிருந்து வருஷா வருஷம் சினிமாப் பாட்டுக்கு ஆடுவார்கள். எனக்கு ஆட்டம் வராது. படித்த திமிரில் "ரோமாபுரி அரசியர்" என்று இரண்டு தனிமொழி எழுதி வைத்திருந்தேன். லிவியாவாக என் அறைத்தோழி. அக்ரிப்பினாவாக நடிக்கவிருந்தவளுக்கு ஷிப்டு மாறிவிட்டது. நான் பேசறேன் என்று நீங்களே சொன்னீர்கள். உங்களுக்குக் கன்னட எழுத்துதான் படிக்கத் தெரியும் என்பதால் நான் படிக்கப் படிக்கக் காதால் கேட்டே பாடம் செய்தீர்கள். இரண்டே நாளில் என்னைவிடச் சுத்தமாகச் சொன்னீர்கள்.

ஒரு சந்தேகம் மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். மேடையில் இத்தனை பேர் உட்கார்ந்திருக்கும்போது அவள் மனசில் இருப்பதை இவ்வளவு சத்தமாகச் சொல்கிறாளே, அவர்களுக்குக் கேட்காதா? கேட்காது அக்கா, தனிமொழி என்றால் அப்படித்தான், பார்க்க வந்த சனங்களுக்கு மட்டும்தான் காதில் விழும், மேடையில் இருப்பவர்கள் கேட்காத மாதிரி இருக்க வேண்டும் என்றேன். "எந்திரிச்சுப் போகவும் கூடாதா?" என்றீர்கள். கூடாது என்றேன். நாலு தடவையாவது கேட்டிருப்பீர்கள். நாடகத்தின் மேல் இவ்வளவு அக்கறையா என்று நான் பூரித்துப்போனேன்.

செனட்டர்களாகக் கமிட்டிக்காரர்களையே உட்கார வைக்கலாம் என்றதும் நீங்கள்தான். வசனம் இல்லை, வேட்டியைத் தோளில் போட்டு, தலையில் கிரீடம் வைத்து, நாற்காலியில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தால் போதும் என்றதும் நான்கு பேரும் உடனே ஒத்துக்கொண்டார்கள். குடும்பம் பிள்ளைகள் எல்லாம் பார்க்கும் நாள் இல்லையா. அண்ணன் நீரோ. பொண்டாட்டிக்கு மகனா நடிக்கணுமா என்று கேன்டீன் முழுக்க அவரைக் கிண்டல் செய்தார்கள்.

அன்றைக்கு நடந்தது உங்களைவிட எனக்குத்தான் நன்றாக நினைவிருக்கும். நான் ஓரத்தில் காகிதத்தோடு வசனம் எடுத்துக் கொடுக்க நின்றிருந்தேன். நீங்கள் ஊதாப் புடவையில் திரையைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தீர்கள். நான் எழுதிய செந்தமிழ் பாதிவரை பிசகாமல் வந்தது. "என் மகனை அரியணையில் அமர்த்தியவள் நான், அவன் சபையில் எனக்கு இடம் இந்தத் திரைக்குப் பின்னால்" என்ற வரியோடு நிறுத்தினீர்கள். மறந்துவிட்டீர்கள் என்று நினைத்து அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தேன். இன்னும் சத்தமாக மறுபடி கொடுத்தேன். என் பக்கம் திரும்பாமலே, இரு என்று கையைக் காட்டினீர்கள்.

"இங்க உக்காந்திருக்கற பெரிய மனுஷங்களுக்கு நான் பேசறது காதுல விழாது. அது நாடகத்துச் சட்டமாம். அதனால உங்களுக்கு மட்டும் சொல்றேன். இந்த ரோமாபுரியில மூணு வருஷமா கம்பி கட்டற பொண்ணுங்க இருபத்தி மூணு பேரு. அவங்களைக் காகிதத்துல இருந்து அழிச்சுட்டு, அவங்க பங்கையும் சேத்து நாமளே வாங்கிக்கலாம்னு சபையில பேசறாங்க. நான் திரைக்குப் பின்னால நின்னு டீ ஊத்திக்கிட்டே கேட்டேன்."

ரோமாபுரியில் ஏது டீ என்று முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. நானூறு பேர் இருந்த கேன்டீனில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அந்த இருபத்து மூன்று பேரில் சிலர் அங்கே இருந்த பர்மனென்டுகளுக்குத் தங்கைகள், கொழுந்தியாள்கள். ஓரத்து நாற்காலியில் இருந்த செனட்டர் கிரீடத்தைக் கழற்றிக்கொண்டு எழுந்தார். கூட்டத்திலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"உக்காருங்கண்ணா. உங்களுக்குத்தான் காதுல விழாதே."

அவர் உட்கார்ந்துவிட்டார். அப்போது எழுந்த கைதட்டல் அடங்க நேரமாயிற்று. எனக்குக் கைதட்டத் தோன்றவில்லை. நான் அண்ணனைப் பார்த்தேன். நீரோ தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார்.

மறுநாளிலிருந்து கேன்டீனில் ஆளாளுக்குக் கமிட்டியைக் கேட்க ஆரம்பித்தார்கள். அப்படிப் பேசவே இல்லை, பொம்பளை ஏதோ நாடகத்தில் உளறினாள் என்று நான்கு பேரும் சத்தியம் செய்தார்கள். பேசவே இல்லை என்று நானூறு பேரிடம் சொன்ன பிறகு, அதில் எப்படிக் கையெழுத்துப் போட முடியும்? தீபாவளிக்கு முன் செட்டில்மென்ட் ஆனது. இருபத்து மூன்று பேரும் இரண்டு தவணையாகப் பர்மனென்ட். நான் இரண்டாவது தவணை. மாமன் மகனுக்கு வேறு பெண் பார்த்தார்கள்.

எல்லோரும் சந்தோஷமாக இருந்தபோது எனக்கு மட்டும் அண்ணன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்ததே கண்ணில் நின்றது. அடுத்த யூனியன் தேர்தலில், வீட்டுக்காரியை அடக்கத் தெரியாதவன் என்று சொல்லிச் சொல்லியே அண்ணனைத் தோற்கடித்தார்கள். அதற்கடுத்த வருஷம் அவர் வேலையை விட்டார். நீங்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு குருபரப்பள்ளிக்குப் போனீர்கள். அங்கே ஹைவே ஓரம் அண்ணன் பஞ்சர் கடை வைத்தார். என் நாடகத்தால், என் கோபத்தால், நன்றாக இருந்த ஒரு குடும்பம் குலைந்தது என்று முடிவு செய்துகொண்டேன். சபை நடுவில் புருஷனைத் தலைகுனிய வைக்க உங்களைத் தூண்டியவள் நான். எப்போதாவது உங்களைப் பார்க்க வருவேன். நீங்கள் சோறு போடுவீர்கள், அண்ணன் இரண்டு வார்த்தை பேசிவிட்டுக் கடைக்குப் போய்விடுவார். என் முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன். வருவதைக் குறைத்தேன். நீங்கள் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் இருப்பதாகப் போன வருஷம் தகவல் வந்தபோதுகூட, அவர் இருப்பாரே என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். மூன்றாம் நாள் நீங்கள் இல்லை.

போன மாதம் உங்கள் வருஷத் திதி. வந்தவர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு அண்ணனும் நானும் கடை வாசலில் உட்கார்ந்திருந்தோம். வெயில் தாழ்ந்திருந்தது. எனக்கு என்ன வந்ததோ, அண்ணே, அன்றைக்கு நடந்ததுக்கு என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். எதுக்கு என்றார். சொன்னேன்.

"அவ எங்கிட்ட சொல்லிட்டுத்தாம்மா மேடை ஏறுனா," என்றார்.

ஆயுதபூஜைக்கு மூன்று நாள் முன்னால், காலை ஷிப்டுக்கு அவர் கிளம்பிக்கொண்டிருந்தபோது, நீங்கள் எதிரில் வந்து நின்று பேசப்போவதை முதலிலிருந்து கடைசிவரை ஒரு வார்த்தை விடாமல் சொன்னீர்களாம். "இதத்தான் பேசப் போறேன். வேணாம்னா இப்பவே சொல்லிடு மாமா, அம்மாயிய வேற ஆளு பாக்கச் சொல்லிடறேன். மேடையில வந்து முழிக்காத" என்றீர்களாம். கம்பெனி பஸ் தெருமுனையில் ஹாரன் அடிக்கும்வரை அவர் அப்படியே நின்றாராம். பிறகு கொடியில் கிடந்த வேட்டியை எடுத்து, "இதை எந்தத் தோள்ல போடணும்?" என்று மட்டும் கேட்டாராம்.

அன்று தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தீர்களே என்று கேட்டேன். சிரிப்பை அடக்க முடியவில்லை, அதனால்தான் என்றார். தனக்குத் தெரியும் என்று ஒரு சொல் வெளியே போயிருந்தால் நான்கு பேரும் அவரைத் தூக்கிவிட்டு வேறொருவரை வைத்துக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள், அதனால் என்னிடம்கூடச் சொல்லக் கூடாது என்று நீங்கள் கண்டிப்பாக இருந்தீர்களாம். உங்கள் லிவியா போட்ட காவலைவிடப் பெரிய காவல்தான். தேர்தலில் தோற்றதில் வருத்தம் இல்லையா என்றேன். அதற்கப்புறம்தான் ஞாயிற்றுக்கிழமை வீடு, வீடு மாதிரி இருந்தது, நிம்மதியாகத் தூங்கினோம் என்றார். சரி, எல்லாம் முடிந்த பிறகாவது என்னிடம் ஏன் சொல்லவில்லை?

"நீ ஒருநாளும் கேக்கலையே. வந்தா தலையைக் குனிஞ்சுக்கிட்டே உக்காந்திருப்ப. பெரிய படிப்புப் படிச்ச புள்ள, எங்க வீட்டுக்கு வர்றதே இஷ்டமில்ல போலன்னு அவகூட வருத்தப்படுவா."

அக்கா, அந்த வருத்தத்துக்கு மட்டும் என்னை மன்னித்துவிடுங்கள். மற்றபடி, அன்று குருபரப்பள்ளியிலிருந்து பஸ் ஏறி ஓசூர் வந்து சேரும்வரை எனக்கு உடம்பே லேசாக இருந்தது. நின்றுகொண்டேதான் வந்தேன், கூட்டம். ஆனாலும் ஏழு வருஷத்தில் அப்படி ஒரு பயணம் வந்ததில்லை. உங்கள் வீட்டை நான் கெடுக்கவில்லை. யாரும் கெடுக்கவில்லை. உங்கள் வீட்டில் எதுவும் கெடவே இல்லை.

ஒரு செய்தி சொல்ல வேண்டும். எங்கள் யூனியன் கமிட்டியில் இப்போது பெண்களுக்கு ஒரு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். என்னை நிற்கச் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் அதே கம்பெனியில் சூப்பர்வைசர், நிர்வாகத்துப் பக்கம். இந்த வருஷம் அவருக்குப் பிரமோஷன் வர வேண்டியது. நான் யூனியனில் நின்றால் அது தள்ளிப்போகும். அதனால் வேட்புமனுவை முதலில் கொடுத்துவிட்டு, பிறகு அவரிடம் ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். அதையும் உங்களைப் பார்த்துத்தான் கற்றதாக நினைத்துக்கொண்டிருந்தேன், பாருங்கள்.

போன செவ்வாய்க்கிழமை காலை அவர் ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது எதிரில் போய் நின்றேன். நிற்கலாமென்று இருக்கிறேன், வேண்டாமென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்றேன். நானூறு பேர் முன்னால் நீங்கள் பேசியதைத்தான் இத்தனை நாள் பெரிய தைரியமாக நினைத்திருந்தேன். ஒரே ஒரு ஆள் முன்னால் நின்று, அவர் வேண்டாம் என்று சொல்லவும் இடம் கொடுத்துச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. அவர் இரண்டு ஷூவுக்கும் லேஸ் கட்டி முடித்தார். "எங்க ஆளுங்க உனக்கு எதிராத்தான் வேலை செய்வாங்க. நான் வாயைத் தெறக்க முடியாது. பரவாயில்லைன்னா நில்லு" என்றார். பரவாயில்லை என்றேன்.

அவர் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், அக்கா. உங்களைக் கிடத்தியிருந்தபோதும், பதினாறாம் நாளும், எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. குற்றம் செய்தவளுக்கு அழ என்ன உரிமை என்று ஓரமாக நின்றிருந்தேன். செவ்வாய்க்கிழமை காலையில்தான், ஒரு வருஷம் கழித்து, உங்களுக்காக வாய்விட்டு அழுதேன். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு போய் மனுவைக் கொடுத்தேன்.